உங்களுக்குத் தெரியுமா? பழைய காருக்கு கார்புரேட்டரா, எஃப்.ஐ.-யா?

பெருங்களத்தூரில் பிறந்தவை

ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரும் வண்டலூரும் சேரும் இடத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. இன்று அந்தப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் பலருக்கு அது தெரியாது. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம்தான் அது. வேன்கார்டு, டென், பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு, 1972 முதல் கெஸல் என்று வரிசையாக இங்கிருந்துதான் சாலைக்கு வந்தன. 1968-இல் வந்த நாலு கதவு ஹெரால்டு மார்க் 3 நம் ஊருக்கென்றே செய்தது. அதன் தாய்வீடான பிரிட்டனில் நாலு கதவு ஹெரால்டே கிடையாது. அத்தனை வண்டிக்கும் மூச்சு கார்புரேட்டர்தான்; ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் எனும் எஃப்.ஐ. எதிலும் இல்லை.

ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றுவார். குனியவே வேண்டாம். இவ்வளவு வசதியாக கார்புரேட்டர் வேலை பார்க்கக்கூடிய கார் அபூர்வம்.

ஒரே உடம்பு, இரண்டு விதி

இதே தொழிற்சாலையின் கடைசிக் கார் 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1; 1977-இல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' பட்டம் வாங்கிய வடிவம். அங்கே 1982-இல் வந்த 'விட்டெஸ்' ரகத்தில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின், லூகாஸ் எலெக்ட்ரானிக் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், 190 குதிரைத்திறன். இங்கே அதே உடம்புக்குள் வைத்தது பழைய வேன்கார்டு வம்சத்து 2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின், கார்புரேட்டர், சுமார் 83 குதிரைத்திறன். அந்த இன்ஜினின் உறவுக்காரர்கள் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியிருக்கிறார்கள், டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியிருக்கிறார்கள். உழைப்பாளி இன்ஜின்தான், ஆனால் அந்த அழகான உடம்புக்குப் போதவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. 2006-இல் தொழிற்சாலையில் மிஞ்சிக் கிடந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. வண்டலூரில் செய்த பாகங்கள் இங்கிலாந்தின் ரோவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

மறைமலை நகரின் இரண்டு முகம்

அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் மறைமலை நகர். சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட்டும் ஜப்பானின் மிக்குனியும் சேர்ந்து 1985-இல் தொடங்கிய யூகால் ஃப்யூவல் சிஸ்டம்ஸ் இங்கேதான் இருக்கிறது. மாருதி 800-இன் கார்புரேட்டர் இவர்கள் தயாரிப்பு. அந்த ஊரிலேயே 1999-இல் ஃபோர்டு நிறுவனம் ஐகான் காரைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குக் கார்புரேட்டரே இல்லை, எம்.பி.எஃப்.ஐ. எனும் மல்டி-பாயின்ட் எஃப்.ஐ.தான். அதற்கு முந்தைய ஆண்டுதான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ, அதுவும் எம்.பி.எஃப்.ஐ.-யோடு வந்திருந்தது. 2000-இல் மாருதி 800-உம் மாறியது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றது. ஃபோர்டின் சென்னை ஆலையும் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. யூகால் மட்டும் த்ராட்டில் பாடி, ஃப்யூவல் பம்ப் என்று காலத்துக்கேற்ற பாகங்களுக்கு நகர்ந்து இன்னும் நிற்கிறது.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் திரும்பினால் ஒரகடம். அங்கே தயாராகும் ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் 2020 ஏப்ரலோடு முழுவதுமாக எஃப்.ஐ. ஆகிவிட்டன.

திரும்பி வந்த கார்புரேட்டர்

எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் நேற்றைய சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1958-இலேயே அமெரிக்காவின் கிரைஸ்லர், பென்டிக்ஸ் நிறுவனத்தின் 'எலெக்ட்ரோஜெக்டர்' முறையைச் சுமார் 35 கார்களில் வைத்து விற்றது. அந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸ் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களைத் திருப்பி அழைத்து கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். 1967-இல் ஜெர்மனியின் பாஷ், ஃபோக்ஸ்வாகன் 1600-க்கு 'டி-ஜெட்ரானிக்' கொண்டுவந்த பிறகுதான் அது நிலைத்தது.

ஜெட்டின் தலையில் ஒரு எண்

சோலெக்ஸ் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பித்தளைத் தலையில் 115, 120 என்று ஏதாவது ஒரு எண் பொறித்திருக்கும். ஓட்டையின் விட்டம் அது, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 115 என்றால் 1.15 மி.மீ.

இந்தச் சின்ன ஓட்டைதான் இப்போதைய பெரிய பிரச்சினையின் மையம். சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பங்க்கில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; அதற்கான கணக்கு ஏறக்குறைய 13.5. கார்புரேட்டருக்கு இது தெரியாது. எந்தப் பெட்ரோல் வந்தாலும் பழைய அளவுதான் ஊற்றும். விளைவு, கலவை 'லீன்' ஆகிவிடும், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இன்ஜின் சூடாகும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறும், பிளக் சாம்பல் வெளுப்பாக வெளியே வரும். எஃப்.ஐ. வண்டியில் சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்துச் சொல்ல, இ.சி.எம். எனும் கட்டுப்பாட்டுக் கணினி தானாகப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும்.

ஆனால் கார்புரேட்டரிலும் இதற்கு வழி இருக்கிறது. 115-ஐ எடுத்துவிட்டு 120 போட்டால் ஓட்டையின் பரப்பு சுமார் 9 சதவீதம் கூடும். 14.7-க்கும் 13.5-க்கும் உள்ள வித்தியாசமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதைப் பிளக்கின் நிறம் சொல்லும். ஒரு ஜெட் மாற்றி, நெடுஞ்சாலையில் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ஜெட்டுக்குப் போக வேண்டும். ஒரு ஜெட்டின் விலையோடு ஒரு எஃப்.ஐ. கிட்டின் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தயவுசெய்து ஊக்கையோ கம்பியையோ விட்டு ஜெட்டைக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது. ஒரு முறை குடைந்தாலே ஓட்டை பெரிதாகிவிடும், தலையில் உள்ள எண் பொய்யாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஏர் பிடித்தால் போதும்.

எத்தனால் குடிக்கும் தண்ணீர்

எத்தனால் ஈரத்தை இழுக்கும். தாம்பரத்தின் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு மாதம் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்திய வண்டியின் மிதவைக் கிண்ணத்தில் வெள்ளையாகத் துரு படிவது இதனால்தான். கார்க் கேஸ்கெட் உப்பும், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உரிந்து அந்தத் துணுக்கு ஜெட்டை அடைக்கும். எஃப்.ஐ. போட்டவர்களும் தப்ப முடியாது. பழைய டேங்க்கின் துரு இன்ஜெக்டருக்குப் போனால் செலவு இன்னும் அதிகம். எந்தக் கட்சியானாலும் முதல் வேலை டேங்க்கைச் சுத்தம் செய்வதும், 'எஸ்.ஏ.இ. 30 ஆர் 9' என்று அச்சிட்ட ஹோஸ் மாற்றுவதும்தான்.

பழியை யார் மேல் போடுவது?

'ஐடில் நிக்க மாட்டேங்குது, எவ்வளவு ட்யூன் பண்ணாலும் ரெண்டு நாள்ல பழைய கதைதான்.' பழைய கார்க்காரர்கள் எஃப்.ஐ.-யைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தப் புலம்பலில்தான். பல வண்டிகளில் குற்றவாளி த்ராட்டில் ஸ்பிண்டில். ஐம்பது ஆண்டுகளாக முன்னும் பின்னும் உருண்ட அந்தத் தண்டு, கார்புரேட்டர் உடம்பில் உள்ள ஓட்டையை முட்டை வடிவத்துக்குத் தேய்த்திருக்கும். அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் அந்தக் காற்றை ட்யூன் செய்ய முடியாது.

கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஸ்பிண்டிலை விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்து, ஆட்டும்போது இன்ஜின் சத்தம் மாறினால் சந்தேகமே வேண்டாம். மருந்தும் உள்ளூரிலேயே இருக்கிறது: பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் நல்ல லேத் பட்டறையில் ஓட்டையைச் சீராகக் குடைந்து, பித்தளை புஷ் இறக்கி, புது ஸ்பிண்டில் போட்டுத் தருவார்கள். அதற்குப் பிறகு அதே கார்புரேட்டர் வேறு கார்புரேட்டராகிவிடும்.

அதோடு பாயின்ட் இடைவெளி, கண்டென்சர், டைமிங், மேனிஃபோல்டு கேஸ்கெட் எல்லாவற்றையும் பாருங்கள். இவை சரியில்லாத இன்ஜினில் எஃப்.ஐ. போட்டாலும் அதே இன்ஜின்தான் மிஞ்சும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நல்ல கார்புரேட்டர்கள் அநியாயமாகக் காயலான் கடைக்குப் போவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

மே மாதமும் ஈரத்துணியும்

கத்திரி வெயிலில் சாலையோரம் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றும் காட்சி முப்பது ஆண்டுகளுக்கு முன் சகஜம். காரணம் வேப்பர் லாக். பெட்ரோலின் லேசான பாகங்கள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஆவியாக ஆரம்பிக்கும். பானெட்டுக்குள் அதைவிட எவ்வளவோ சூடு. மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டுதான். குழாயில் ஆவி நிறைந்தால் பம்ப் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். எஃப்.ஐ. குழாயில் நாற்பது பவுண்டுக்கு மேல் அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. இந்த ஒரு விஷயத்தில் எஃப்.ஐ. நேர்மையாகவே ஜெயிக்கிறது. கார்புரேட்டர்காரர்கள் பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், கார்புரேட்டருக்கு அடியில் வெப்பத் தடுப்பு பேக்கிங் வைத்தால் பெரும்பகுதி தீரும்.

ஊட்டியில் என்ன ஆகும்?

2,240 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். தாம்பரத்தில் சரியாக ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும். கறுப்புப் புகை, இழுவைக் குறைவு. எஃப்.ஐ. காற்றழுத்தத்தை அளந்து தானே திருத்திக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை மலையேறுகிறவர் இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

கிட்டோடு வராத செலவுகள்

கார்புரேட்டரின் இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் கிட்டுகள் வெளிநாட்டில் நிறையவே விற்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பெரிய வி8 இன்ஜின்களை மனதில் வைத்துச் செய்தவை. ஹெரால்டின் 948 சி.சி.-க்கோ, பத்மினியின் 1089 சி.சி.-க்கோ அவை பொருந்தாது. 2001-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய 'மெகாஸ்க்விர்ட்' போன்ற, நாமே நிரல் அமைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர்கள் சின்ன இன்ஜினுக்கு ஒத்துவரும். அதற்கு லேப்டாப்போடு பொறுமையாக உட்கார்ந்து ட்யூன் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்து டேங்க். பழைய டேங்க்கில் தடுப்புத் தகடு போதாது; பெட்ரோல் குறைந்த நேரத்தில் வளைவில் திரும்பினால் பம்ப் காற்றைக் குடிக்கும். அதற்கு ஒரு சின்னத் துணை டேங்க், பெட்ரோல் திரும்பி வர இன்னொரு குழாய், உயர் அழுத்த பம்ப். நாற்பது பவுண்டு அழுத்தத்தில் கசிந்தால் சொட்டாது, பீய்ச்சும்; எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீதான். இன்ஜின் நின்ற உடனே பம்ப்பும் நிற்கும்படி ரிலே வைக்காமல் யாராவது மாட்டித் தந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பலரும் மறக்கும் பாகம் டைனமோ. அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது 22 ஆம்பியர் தரும். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. எஃப்.ஐ.-யின் பம்ப்பும் சென்சாரும் இ.சி.எம்.-உம் சேர்ந்து பத்து ஆம்பியருக்கு மேலேயே கேட்கும். மழை நாள் இரவு, பெருங்களத்தூர் நெரிசல், ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடுகின்றன. பேட்டரி இறங்க இறங்க இன்ஜெக்டர் சோம்பும், கடைசியில் நடுரோட்டில் நிற்கும். ஆல்டர்னேட்டர் மாற்றாமல் எஃப்.ஐ. போடுவது அடித்தளம் இல்லாமல் மாடி எழுப்புவது. சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் வேறு; பார்க்காமல் இணைத்தால் இ.சி.எம். அந்த நிமிடமே போய்விடும்.

மேல்மருவத்தூர் தாண்டி நின்றால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். அடைத்த ஜெட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரோடு சாலையோரமே சரிசெய்யலாம். போன இ.சி.எம்.-க்கு டோ வண்டிதான்.

49 சென்டிமீட்டர்

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் கூரை வரை மூழ்கின. வெள்ளத்தில் நின்ற கார்புரேட்டர் வண்டியைப் பிழைக்க வைக்கலாம்: கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்துக் காயவைத்து, டேங்க்கைக் காலி செய்து, எண்ணெய் மாற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம். எஃப்.ஐ. வண்டியில் சேறு புகுந்த இ.சி.எம்.-உம் ஒயரிங் கனெக்டர்களும் அப்படி மீள்வது கடினம். முடிச்சூரில் இருந்துகொண்டு எஃப்.ஐ. போடுகிறவர் இ.சி.எம்.-ஐ சீட்டுக்கடியில் வைக்க வேண்டாம்; டாஷ்போர்டுக்குள் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே வையுங்கள்.

'வி.ஏ.' நம்பர் பிளேட்

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம், நம்பரில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, உடம்பு, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்தப் பதிவு எடுத்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அனுமதி. ஹெரால்டுகள் எல்லாம் 50 தாண்டிவிட்டன. வின்டேஜ் பதிவு எடுக்கும் எண்ணமிருந்தால் எஃப்.ஐ.-யில் கை வைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எதற்கு எது?

என் தீர்ப்பு இதுதான். ஹெரால்டு, கெஸல், பழைய ஃபியட், அம்பாசிடர் ஆகியவற்றுக்குக் கார்புரேட்டரே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாபலிபுரம் வரை போய் வரும் வண்டிக்குச் சரியாகப் புதுப்பித்த சோலெக்ஸ் தாராளம். அசல் பாகத்தோடு இருக்கும் வண்டியின் மதிப்பும் அதிகம்.

ஸ்டாண்டர்டு 2000 வேறு கணக்கு. அதன் பிரிட்டிஷ் உடன்பிறப்பான விட்டெஸுக்கு இன்ஜெக்‌ஷன் பிறவியிலேயே இருந்தது; நம் வண்டிக்குக் கிடைக்காமல் போனது வண்டலூர் பொறியாளர்களின் குறை இல்லை, அந்தக் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு அப்படி. இன்று ஒருவர் அந்த 2 லிட்டர் இன்ஜினுக்குக் கவனமாக எஃப்.ஐ. போட்டால் அந்தக் காரின் சரித்திரத்துக்கு விரோதம் என்று சொல்ல மாட்டேன். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஓட்டியே தீருவேன் என்கிறவரின் கான்டெஸாவுக்கும் அப்படித்தான்.

கழற்றினால் வைத்துக்கொள்ளுங்கள்

எஃப்.ஐ. போடுவதென்று முடிவானால் டேங்க்கை வெட்டாமல், ஃபயர்வாலில் புதிதாகப் பெரிய ஓட்டை போடாமல், அசல் மேனிஃபோல்டை அறுக்காமல் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய கார்புரேட்டரைக் கிண்ணம் காலி செய்து, லேசாக எண்ணெய் தடவி, லிங்கேஜ், ஏர் கிளீனர், மெக்கானிக்கல் பம்ப் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டி கைமாறும்போது அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டருக்கு மிதவை, நீடில், கேஸ்கெட் இன்றும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் புதிதாகவே தயாராகின்றன. அவற்றில் எத்தனாலைத் தாங்கும் மிதவையும் உண்டு. ஆர்டர் கொடுக்கும் முன் கார்புரேட்டரின் உடம்பில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரே மாடல் காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறியிருக்கும்.